கேரேக்: போகணும்னு சொல்லிட்டு உக்காந்தே இருக்கிற ஒரு வார்த்தை

அஜர்பைஜானோட தலைநகர் பாக்கூவுல ஒன்றரை வருஷம் வேலை பாத்தேன், அங்க காதுல திரும்பத் திரும்ப விழுந்த அஜர்பைஜானி வார்த்தை 'கேரேக்'. கூட வேலை பாத்த ஒருத்தர் சாயங்காலமானா சாய்ஹானாவுக்கு, அதாவது டீக்கடைக்கு கூட்டிட்டுப் போவார், அங்க ஆர்முதுன்னு பேரிக்கா மாதிரி இடுப்பு ஒடுங்கின சின்ன கிளாஸ்ல பால் இல்லாத டீ வரும், ஒரு சர்க்கரைக் கட்டியை வாயில ஒதுக்கிக்கிட்டு உறிஞ்சணும். ஏழு மணிக்கு அவர் "கேரேக் கெதேம்"னு சொல்வார், போகணும்னு அர்த்தம், சொல்லிட்டு டீப்பாட்டை எடுத்து இன்னொரு கிளாஸ் ஊத்துவார். ஏழே முக்காலுக்கு மறுபடி கேரேக் கெதேம், மறுபடி ஒரு கிளாஸ். எட்டரைக்கு மூணாவது தடவை சொன்னப்புறம்தான் கோட்டை எடுத்து மாட்டுவார். "சரி, அப்ப நான் கெளம்பணும்"னு சொல்லிட்டு வாசப்படியிலயே நின்னு முக்கா மணி நேரம் பேசுற பெரியம்மாவைப் பாத்து வளந்தவன் நான், எனக்கு இது புரியாதா?

புரிஞ்சுதுன்னு நெனச்சு ஒரு பெட்டிக்கடையில போய் "மேனே சு கேரேக்"னேன். மேனேன்னா எனக்கு, சுன்னா தண்ணி, கேரேக்னா வேணும், அப்ப எனக்குத் தண்ணி வேணும், கணக்கு சரியாத்தானே இருக்கு? கடைக்காரம்மா சிரிச்சுட்டாங்க. பாட்டில் குடுத்தாங்க, ஆனா "லாஸிம்தி"ன்னு ஒரு வார்த்தை சொல்லித் திருத்திட்டுத்தான் குடுத்தாங்க. நான் சொன்னது தப்பில்லையாம், ஆனா பழைய பாட்டுல வர்ற மாதிரி இருக்காம். பெட்டிக்கடையில போய் "நீர் வேண்டும் தாயே"ன்னு கேட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்ப வேணும்ங்கிறதுக்கு ஒரே மொழியில ரெண்டு வார்த்தை ஏன், எது எங்க வரும்னு நோண்ட ஆரம்பிச்சதுதான், அது என்னை மங்கோலியா கல்வெட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போயிருச்சு.

மொதல்ல உச்சரிப்பு. ரெண்டு எழுத்துலயும் வர்ற அந்த 'ஏ' நம்ம ஏ கிடையாது, 'பேங்க்'னு சொல்றப்ப வாய் அகலமாத் தொறக்குமே, அந்த ஒலி, ஆனா குட்டையா. மொதல் எழுத்து 'க்யா' பக்கம் சாயும், கடைசி 'க்' முழுசா அடிக்காம காத்தா நழுவிப் போயிரும். ஈரான்ல தப்ரீஸ் பக்கம் போனா மொதல் எழுத்து கிட்டத்தட்ட 'ஜ' மாதிரியே கேக்கும். அஜர்பைஜானி பேசுறவங்க அஜர்பைஜான் நாட்டுல இருக்கிறதை விட ஈரான்ல அதிகம், இது நெறைய பேருக்குத் தெரியாது, அதனால தப்ரீஸ் உச்சரிப்பை ஏதோ கிராமத்துக் கொச்சைன்னு ஒதுக்கிட முடியாது.

இப்ப இது வாக்கியத்துல எப்படி உக்காருதுன்னு பாப்போம். கேரேக் தனியா எதையும் முடிக்காது, முன்னாடி வந்து நிக்கும், பின்னாடி வர்ற வினை ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும். கேரேக் கெதேம், நான் போகணும். கேரேக் கெதேசேன், நீ போகணும். கேரேக் கெதே, அவன் போகணும், இல்லன்னா அவ போகணும், அந்த மொழியில ஆண் பெண் பிரிவே கிடையாது. இந்த கெதேம் கெதேசேன் எல்லாம் அவங்க இலக்கணத்துல 'ஆர்ஸு ஷெக்லி', அதாவது ஆசை வடிவம். கேரேக்கை எடுத்துட்டு அதே எடத்துல 'காஷ்'னு போட்டா "போனா நல்லாருக்குமே"ன்னு ஏக்கமாயிரும். அதாவது வினை மட்டும் இருந்தா அது ஆசைக்கும் கட்டாயத்துக்கும் நடுவுல ஊசலாடிட்டு இருக்கும், முன்னாடி நிக்கிற வார்த்தைதான் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுது.

லாஸிம் வேற மாதிரி, அது அரபிலேர்ந்து வந்த சொல். "மேனே சு லாஸிம்தர்" (பேச்சுல லாஸிம்தி), எனக்குத் தண்ணி வேணும். கவனிச்சுப் பாத்தா வார்த்தைக்கு வார்த்தை தமிழ் அடுக்கேதான், நான்னு ஆரம்பிக்காது, எனக்குன்னு ஆரம்பிக்கும், வேணும் கடைசில வரும். "கெத்மேக் லாஸிம்தர்"னா போறது தேவை, அதாவது போகணும். நாம 'போக வேண்டும்'ங்கிறதை நசுக்கி நசுக்கி 'போகணும்' ஆக்கி, அந்த வேண்டும்ல ஒரு 'ணும்' மட்டும் மிச்சம் வச்சிருக்கோம், அவங்க அந்த அளவுக்கு நசுக்கல. இதுக்காக தமிழும் துருக்கிய மொழிகளும் (அஜர்பைஜானி அந்தக் குடும்பம்தான்) சொந்தம்னு யாரும் கெளம்பிட வேணாம், வினை கடைசில வர்ற மொழிகள்ல இந்த மாதிரி ஒத்துமை உலகம் முழுக்க இருக்கு, ஜப்பான் வரைக்கும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, 'மேலி'ங்கிற விகுதி. கெத்மேலியேம், நான் போயாகணும். கேரேக் கெதேம்ல இருக்கிற டீக்கடை வாசம் இதுல கிடையாது, இது டைம்டேபிள் போட்ட மாதிரி, ஆபீஸ்ல மெயில்ல எழுதுற மாதிரி. இதை வினைக்குப் பின்னாடி வர்ற 'மே'யும் (போதல், வருதல்ல வர்ற தல் மாதிரி), 'உடைய'ங்கிற அர்த்தம் தர்ற 'லி'யும் சேந்ததுன்னு பிரிப்பாங்க. போதலை உடையவன் நான், அதனால போயாகணும். ஆனா இதே விகுதி பேரடையாவும் வரும், அங்கதான் வேடிக்கை. தண்ணிக் குழாய்லயும் பாட்டில்லயும் 'இச்மேலி சு'ன்னு எழுதியிருக்கும், குடிதண்ணி. மொத வாரம் நான் அதை "தண்ணி குடிச்சே ஆகணும்"னு சுகாதாரத் துறை போட்ட அறிவுரைன்னு நெனச்சுட்டு இருந்தேன். 'க்யுல்மேலி'ன்னா சிரிக்க வேண்டியது, அதாவது காமெடியானது. 'கோர்மேலி யெர்லேர்'னா பாக்க வேண்டிய எடங்கள், டூரிஸ்ட் புஸ்தகத்துல வர்றது. 'யெமேலி'ன்னா சாப்பிட வேண்டியது, அதுலேர்ந்து ருசியானதுங்கிற அர்த்தமும் வந்துருச்சு. நாமளும் 'பாக்க வேண்டிய படம்'னு சொன்னா அது கட்டாயமா, பாராட்டா? அதே கோடுதான்.

இதுக்கு மேல 'லாஸிம் ஷெக்லி'ன்னே பேர் வச்ச இன்னொரு வடிவம் பள்ளிக்கூட இலக்கணத்துல இருக்கு, 'ஆசி', 'ஏசி'ன்னு முடியும், 'யாஸாசியாம்'னா நான் எழுத வேண்டியிருக்கு. பேச்சுல இது குறைஞ்சுட்டு வருது. துருக்கியில இதோட நெலமை இன்னும் பாவம், அங்க 'காஹ்ரொலாசி' மாதிரி, நாசமாப் போறதுன்னு திட்டுறப்ப வர்ற வசவுகள்லதான் அது பெரும்பாலும் உயிரோட இருக்கு.

அப்புறம் அரபிலேர்ந்து வந்த மத்த ஆளுங்க. 'மேஜ்புர்' வந்தா வேற வழியில்லாம மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம், இந்திப் பாட்டு கேக்குறவங்களுக்கு மஜ்பூர் தெரிஞ்சிருக்கும். 'வாஜிப்'னா முக்கியம், அத்தியாவசியம், அந்த மேலி வடிவத்துக்கு இலக்கணத்துல பேரே வாஜிப் ஷெக்லிதான். நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல ஃபர்ளு, வாஜிபு, சுன்னத்துன்னு சொல்வாங்களே, அதே வாஜிபு, மார்க்கக் கடமையிலேர்ந்து கெளம்பி அங்க இலக்கணப் புஸ்தகத்துல போய் உக்காந்துருச்சு. 'ஸேருரி'ன்னா இன்றியமையாததுன்னு அர்த்தம், இதோட சொந்தக்காரன் தமிழ்ல ஒருத்தன் இருக்கான், அதான் 'ஜரூர்'. உருது வழியா நம்மகிட்ட வந்து சேர்றதுக்குள்ள அவசியம்ங்கிறது அவசரமாகி, அவசரம் சுறுசுறுப்பாகி, "கல்யாண வேலை ஜரூரா நடக்குது"ன்னு வேற ஆளாவே மாறிட்டான். ஒரே அரபி வேர், அங்க மொறச்சுப் பாக்குது, இங்க வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடுது.

இந்தக் கூட்டத்துல சொந்த மண்ணோட துருக்கியச் சொல் கேரேக்தான். லாஸிம் வர்றதுக்கு முன்னாடி அந்த வேலையெல்லாம் யார் பாத்தாங்கன்னு கேட்டா, இதுதான் பாத்துச்சு. தேதே கோர்குத் கதைகள்னு ஒண்ணு இருக்கு, ஒகூஸ் துருக்கியர்களோட வீரக் கதைகள், கையெழுத்துப் பிரதி ஜெர்மனியில ட்ரெஸ்டன் நகரத்துல ஒண்ணும் (12 கதைகள்) வத்திகான்ல ஒண்ணும் (6 கதைகள்) இருக்கு, அஜர்பைஜான், துருக்கி, கஜகஸ்தான் மூணு நாடும் சேந்து 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது. அதுல பாம்சி பெய்ரெக்னு ஒரு இளவட்டம், கல்யாண வயசு, அப்பாகிட்ட பொண்ணு கேக்குறான். எப்படிப்பட்ட பொண்ணு? "நான் எடத்தை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ எழுந்திருச்சிருக்கணும், நான் குதிரை ஏறுறதுக்கு முன்னாடி அவ ஏறியிருக்கணும், நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அவ எதிரித் தலையைக் கொண்டுவந்து குடுக்கணும்." மூலத்துல ஒவ்வொரு ணும்முக்கும் ஒரு கெரெக், வரிசையா மூணு. அப்பா சொல்ற பதில் அதைவிட அருமை, "மகனே, நீ பொண்ணு கேக்கலடா, சேந்து சண்டை போட ஒரு கூட்டாளி கேக்குற"ன்னு. அப்படி ஒருத்தி இருக்கவும் செய்றா, பானு சிசெக்னு பேரு, குதிரைப் பந்தயத்துலயும் வில்லுலயும் மல்யுத்தத்துலயும் அவனோட மோதிப் பாத்துட்டுத்தான் சம்மதிப்பா.

கதை கெடக்கட்டும், அந்த வாக்கியத்தோட அடுக்கைப் பாருங்க. 'துர்மாக் கெரெக்', 'பின்மெக் கெரெக்', எழுந்திருக்கிறது வேணும், ஏறுறது வேணும், வினை மொதல்ல, கெரெக் கடைசில. இன்னிக்கு பாக்கூவுல 'கெத்மேக் லாஸிம்தர்'னு லாஸிம் உக்காந்திருக்கே, அது கெரெக் உக்காந்திருந்த சீட்டு. அரபிக்காரன் வந்து உக்காந்ததும் நம்மாளு எழுந்து போய் வாக்கியத்தோட முன்வாசல்ல நின்னுக்கிட்டான். துருக்கியில அப்படி ஆகல, அவங்க இன்னிக்கும் 'கித்மெம் கெரெக்'னு, என் போதல் தேவைன்னு, கடைசிலயே வச்சிருக்காங்க. உஸ்பெக்ல 'போரிஷிம் கெராக்', அதே அடுக்கு. அஜர்பைஜானில மட்டும் ஏன் முன்னாடி போச்சுன்னா, பாரசீகம்னு சொல்வாங்க. பாரசீகத்துல 'பாயத் பெரவம்'னா நான் போகணும், பாயத் முன்னாடி நிக்கும், பின்னாடி ஆசை மாதிரி ஒரு வினை வடிவம் வரும், அப்படியே கேரேக் கெதேமோட அச்சு. நூத்துக்கணக்கான வருஷம் ரெண்டு மொழியும் ஒரே வீட்டுல, ஒரே சந்தையில பொழங்கின ஊர்கள் அது, ஒட்டிக்காம எப்படி இருக்கும். ஆனா எல்லாத்தையும் பாரசீகத்தோட கணக்குல எழுதறதும் எனக்கு முழு ஒப்புதல் இல்ல, ஏன்னா பழைய அனடோலியத் துருக்கியிலயும் (அனடோலியான்னா இன்னிக்கு துருக்கி நாடு இருக்கிற பக்கம்) கெரெக்குக்கு அப்புறம் ஆசை வடிவம் வர்ற எடங்கள் இருக்கு. வாசல் ஏற்கெனவே தொறந்திருந்துச்சு, பாரசீகம் பின்னாடிலேர்ந்து தள்ளிவிட்டுச்சுன்னு வச்சுக்கலாம்.

இன்னொரு பழைய விஷயம். 13, 14ஆம் நூற்றாண்டுல அனடோலியாவுல பாடின யூனுஸ் எம்ரேவோட ஒரு பாட்டுல "பானா செனி கெரெக் செனி"ன்னு பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும், கடவுளைப் பாத்து "எனக்கு நீதான் வேணும், நீதான்"னு. ஆனா 'செனி'ங்கிறது நீ கிடையாது, உன்னை. எனக்கு உன்னை வேணும்! எனக்கு உன்னைப் பிடிக்கும்னு நாம சொல்றோம், ஆனா எனக்கு உன்னை வேணும்னு தமிழ்ல சொன்னா இடிக்குது, அங்க இடிக்கல. அந்த 'உன்னை' வர்றதால வேணும்ங்கிறது கை நீட்டிப் போய்ப் பிடிக்கிற மாதிரி ஆயிருது. இன்னிக்கும் அஜர்பைஜானில 'நீ எனக்கு வேணும்'னு உருக்கமா சொல்லணும்னா லாஸிம் போட்டா பிளம்பர் வேணும்ங்கிற மாதிரி இருக்கும், கேரேக் போட்டாத்தான் நெஞ்சுலேர்ந்து வந்த மாதிரி இருக்கும். கடைக்காரம்மா சிரிச்சது ஏன்னு எனக்கு இங்க வந்தப்பதான் முழுசாப் புரிஞ்சுது, அரை லிட்டர் பாட்டில்கிட்ட காதல் கவிதை சொல்லியிருக்கேன்.

இன்னும் பின்னாடி போனா மங்கோலியா. ஓர்கோன் ஆத்துப் பள்ளத்தாக்குல 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கு, துருக்கிய மொழியில கெடச்ச பெரிய பழைய எழுத்துகள், 1893ல டென்மார்க்கைச் சேந்த வில்ஹெல்ம் தாம்சன்தான் அந்த எழுத்தை ஒடச்சுப் படிச்சார். அதுல ஒண்ணு கியுல் திகின்ங்கிற இளவரசனுக்காக 732ல வச்ச கல். அண்ணன் பில்கே ககான் (ககான்னா பேரரசர்) பேசுற மாதிரி எழுதியிருக்கும். அங்க நம்ம சொல் 'கெர்கெக்'னு வருது, நடுவுல ஒரு 'க' கூட. எந்த அர்த்தத்துல வருதுன்னு பாத்தா, செத்துப்போறதுக்கு. "இனிம் கியுல் திகின் கெர்கெக் போல்தி", என் தம்பி கியுல் திகின் 'கெர்கெக்' ஆனான். பாட்டன்மார் பூமின் ககானும் இஸ்தெமி ககானும் செத்ததைச் சொல்ற எடத்துலயும் அதே சொல்தான், அதுக்கப்புறம் அழ வந்தவங்க பட்டியல் நீளும், சீனாலேர்ந்து, திபெத்லேர்ந்து, ரோம்லேர்ந்து கூட.

தேவைன்னு அர்த்தம் வர்ற சொல் எப்படி சாவாச்சு? நான் ரொம்ப நாள் முட்டிக்கிட்டது இங்கதான். சிலர் இது சொர்க்கத்துக்குப் போற ஒரு பறவையோட பேரா இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க, ஏன்னா அதே கல்வெட்டுல கியுல் திகின் 'பறந்தான்'னும் வருது. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அது ஒட்டல. இன்னொரு விளக்கம் சாதாரணமானது, அதனாலயே எனக்கு நம்பிக்கை. இந்தச் சொல்லோட அடி அர்த்தம் தேவை கிடையாது, இல்லாமை. குறையறது, போதாமப் போறது. தண்ணி இல்ல, அதனால தண்ணி வேணும். தம்பி இல்ல. நாமளும் "அவர் போன மாசம் இல்லாமப் போயிட்டார்"னு சொல்றோமே, அதேதான். இல்லாமப் போனது, இருந்தாத் தேவலையேன்னு மனசு கேக்குறது, ரெண்டும் அந்த ஒரே சொல்லுக்குள்ள இருந்திருக்கு. அடுத்த வரில பில்கே ககான் சொல்றார், பாக்குற என் கண்ணு பாக்காத மாதிரி ஆச்சு, அறியிற என் அறிவு அறியாத மாதிரி ஆச்சுன்னு. 1,300 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா கல்லுல வெட்டின வாக்கியம், இதுல ஒரு வார்த்தை கூட எனக்கு அந்நியமாத் தெரியல.

நம்ம வேண்டும் எதிர்த் திசைலேர்ந்து வருது, அது ஆசையிலேர்ந்து பொறந்தது. "வேண்டுதல் வேண்டாமை இலானடி"ன்னு வள்ளுவர் சொல்றப்ப அது விருப்பும் வெறுப்பும். கோயில்ல வேண்டிக்கிறதும் அதே சொல். அவங்க இல்லாமைலேர்ந்து நடந்து தேவைக்கு வந்தாங்க, நாம ஆசைலேர்ந்து நடந்து அதே எடத்துக்கு வந்திருக்கோம்.

அந்தக் கல்லுலயே இன்னொரு வரி, இது சின்ன விஷயம்தான், ஆனா நான் யாரைப் பாத்தாலும் இதைச் சொல்லாம விடறதில்ல. இளவரசன் சாவுக்கு சீனப் பேரரசர் அனுப்பின தூதர் தங்கமும் வெள்ளியும் 'கெர்கெக்சிஸ்' கொண்டுவந்தார்னு இருக்கு. 'சிஸ்'னா இல்லாத. குறையே இல்லாம, அதாவது எக்கச்சக்கமா கொண்டுவந்தார். இன்னிக்கு அஜர்பைஜானில அதே சொல் அதே விகுதியோட 'கேரேக்சிஸ்'னு இருக்கு, அர்த்தம் தேவையில்லாதது, உருப்படாதது. உறுப்புக்கு உறுப்பு ஒண்ணுதான், ஆனா அடிச்சொல் இல்லாமையா இருந்தப்ப அது இல்லாதது செல்வம், அடிச்சொல் தேவையா மாறினப்புறம் அது இல்லாதது குப்பை. சொல்லோட அர்த்தம் நகந்ததுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கெர்கெக் எப்படி கேரேக் ஆச்சுங்கிறது ஈசி. நடுவுல இருந்த 'க' தேஞ்சு விழுந்துருச்சு, கெரெக். அப்புறம் ஒகூஸ் கிளையில, அதாவது துருக்கி, அஜர்பைஜானி, துர்க்மென் மொழிகள்ல, வார்த்தை ஆரம்பத்துல வர்ற அழுத்தமான 'க' நெறைய எடத்துல மெதுவாயிருச்சு, நம்ம 'கங்கை'ல மொதல்ல வர்ற ஒலி மாதிரி. மத்த கிளைகள்ல அழுத்தமாவே இருக்கு. கஜாக்ல 'மாகன் சு கெரெக்', உஸ்பெக்ல 'மெங்கா சுவ் கெராக்', தாத்தார்ல 'மிஞா சு கிரேக்', எல்லாமே எனக்குத் தண்ணி வேணும்தான். அதாவது கடைக்காரம்மாகிட்ட நான் சொன்ன வாக்கியத்தை தாஷ்கண்ட்லயோ கசான்லயோ கொஞ்சம் திருத்திச் சொல்லியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, ஊரு மாறிப் போச்சு, அவ்வளவுதான்.

எழுத்துல இந்த வார்த்தை பட்ட பாடு தனிக் கதை. 1920கள் வரைக்கும் அரபி எழுத்து, 1929லேர்ந்து லத்தீன் கட்டாயம், 1940லேர்ந்து ஸ்டாலின் காலத்து சிரிலிக், அதுல இந்த மொதல் ஒலிக்குன்னே 'க'வுக்கு ஒரு கோடு போட்டு ஒரு தனி எழுத்து உண்டாக்கினாங்க. சோவியத் ஒடஞ்சதும் 1991 டிசம்பர்ல மறுபடி லத்தீன், ஆனா அந்த 'பேங்க் ஏ'வுக்கு மேல ரெண்டு புள்ளி வச்ச எழுத்தைப் (ä) போட்டுட்டாங்க. அஜர்பைஜானில அந்த ஒலி வராத வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்கணும், எழுத எழுத புள்ளி புள்ளியா அம்மை போட்ட மாதிரி ஆயிருச்சு, அஞ்சு மாசத்துல 1992ல அதைத் தூக்கிட்டு e-யைத் தலைகீழாப் போட்ட மாதிரி இருக்கிற பழைய எழுத்தையே (ə) கொண்டுவந்தாங்க. நம்ம வார்த்தையில அது ரெண்டு தடவை வருது, அதனால அந்த அஞ்சு மாசம் கேரேக் தலையில நாலு புள்ளியோட திரிஞ்சிருக்கும். பத்திரிகைகள் முழுசா லத்தீனுக்கு மாறினது 2001 ஆகஸ்ட்லதான். ஈரான் பக்கம் இன்னும் அரபி எழுத்துதான், அங்க உயிரொலி எழுதாததால கடைசில ஒரே ஒரு கோடு கூடப் போட்டா இந்தச் சொல் பாரசீகத்துல ஓநாய்ங்கிற சொல்லா ஆயிரும்.

இப்ப மறுபடி டீக்கடைக்கு வர்றேன், ஏன்னா கேரேக்கோட ரெண்டு பயன்பாடு பாக்கி இருக்கு, அது ரெண்டையும் நான் புஸ்தகத்துல கத்துக்கல.

ஒண்ணு 'கேரேக் கி'. பின்னாடி ஒரு 'கி' ஒட்டினவுடனே கட்டாயம் காணாமப் போயி சந்தேகம் வந்துரும். "கேரேக் கி கேலிப்"னா அவன் வந்திருப்பான்னு நெனக்கிறேன், வந்திருக்கணும். இந்தக் கடைசி வார்த்தையைப் பாருங்க, 'வந்திருக்கணும்', தமிழ்லயும் அதே ணும்தான் கடமையிலேர்ந்து ஊகத்துக்குத் தாவுது. ஆனா நாம "அவன் இந்நேரம் வந்திருக்கணும்"னு சொன்னா அதுல கொஞ்சம் கோவமும் இருக்கலாம், வரலையேன்னு. கேரேக் கில அந்தக் கோவம் கிடையாது, தோள குலுக்குற மாதிரி. எங்க ஆபீஸ்ல ஃபைல் எங்கன்னு கேட்டா "கேரேக் கி மேலே இருக்கு"ம்பாங்க, மேலே இருக்காது.

இன்னொண்ணு இறந்தகாலம். 'கேரேக் கெதேய்திம்', போயிருக்கணும், ஆனா போகல. 'கேரேக் தெமேயேய்திம்', சொல்லியிருக்கக் கூடாது, ஆனா சொல்லிட்டேன். இதுல லாஸிமும் மேலியும் போட முடியும், இலக்கணம் தடுக்காது, ஆனா என் காதுல விழுந்த வரைக்கும் மனசு உறுத்துறப்ப ஜனங்க எடுக்கிறது கேரேக்தான். நடக்காமப் போன ஒண்ணு, இல்லாமப் போன ஒண்ணு, கல்வெட்டுல இருந்த அந்தப் பழைய இல்லாமை இங்க மட்டும் மேல வந்து எட்டிப் பாக்குதோன்னு எனக்கு ஒரு நெனப்பு, நிரூபிக்கச் சொன்னா முடியாது.

அந்த நண்பரோட அப்பா கராபாக் பக்கத்து ஆளு, 1990களோட ஆரம்பத்துல ஆர்மேனியாவோட நடந்த சண்டையில வீட்டைப் பூட்டிட்டு வந்தவங்க. ஒரு நாள் சாய்ஹானாவுல அவரும் வந்து உக்காந்தார், வீட்டைப் பத்திப் பேச்சு வந்துச்சு, தோட்டத்துல மாதுளை மரம் இருந்துச்சுன்னார். நான் அரைகுறை அஜர்பைஜானில ஃபோட்டோ ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அவர் சர்க்கரைக் கட்டியை டீயில தொட்டு எடுத்தார், வாயில போடல, "கேரேக் கேதிரேய்திம்"னார். எடுத்துட்டு வந்திருக்கணும். அப்புறம் மகன் "கேரேக் கெதேக்"னு, போகணும் நாமன்னு சொன்னார், யாரும் எழுந்திரிக்கல, டீ வந்துச்சு.